இருபது புள்ளிகளும் ஓர் உதையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தொடர்நிலைச் செய்யுளுக்கும் தனிப்பாடலுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வவைக்கு விளக்க வேண்டுவதில்லை. முன்னது பல நிகழ்ச்சிகளைக் கோத்து நெடும்பயணம் செய்வது. பின்னது ஒரு கணத்தைப் பற்றி நிற்பது. மக்களின் நினைவாற்றல் பெரும்பாலும் தனிப்பாடலின் பக்கமே சாய்கிறது. நீண்ட கதை மறந்து போகும். அதன் ஒரு காட்சி மட்டும் எஞ்சும். எஞ்சிய காட்சி கதை முழுமைக்கும் உண்மையாக இருக்குமாயின் குறையொன்றுமில்லை. அது கதைக்கு மாறாகவும், ஒரு மனிதருக்குத் தீங்காகவும் அமையுமாயின், சொல்லைக் கையாள்வோர் நின்று சிந்திக்க வேண்டும். இவ்வுரை அத்தகைய ஒரு காட்சியைப் பற்றியது. அது ஏட்டில் பிறந்த காட்சியன்று. கால்பந்துத் திடலில் பிறந்தது. ஸ்பெயின் நாட்டின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியில், 1993-94ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதி நிமிடத்தில் நிகழ்ந்தது.

கடலோர நகரம்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலை நோக்கி நிற்பது கலீசியா. மழையும் மீன்பிடித் தொழிலும் மிக்க நிலம். பிழைப்பு நாடித் தலைமுறை தலைமுறையாக மக்கள் கூபாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கப்பலேறிய நிலம். ஸ்பானிய மொழியினின்று வேறான காலிசிய மொழி அம்மண்ணுக்கு உரியது. அதன் பெருங்கவிஞர் ரொசாலியா தெ காஸ்ட்ரோ, நாட்டார் பாடல்களை அடியாகக் கொண்டு தம் முதற் காலிசியக் கவிதை நூலை 1863இல் வெளியிட்டார். அந்நூலின் நினைவாக 1963 முதல் ஆண்டுதோறும் மே 17ஆம் நாள் காலிசிய இலக்கிய நாளாகக் கொண்டாடப்பெறுகிறது.

அந்நிலத்தின் துறைமுக நகரம் லா கொருன்யா. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்னர் ரோமானியர் எழுப்பிய கலங்கரை விளக்கம் இன்றும் அங்கு ஒளி வீசுகிறது. காலிசிய மொழிக்கென அரச கழகம் 1906இல் இந்நகரில் தோன்றியது. டெப்போர்த்தீவோ என்னும் கால்பந்துக் கழகமும் அதே 1906இல், அதே நகரில்தான் தோன்றியது. ஒரே ஊர் ஒரே ஆண்டில் மொழிக்கு ஒரு கழகத்தையும் பந்துக்கு ஒரு கழகத்தையும் ஈன்றது என்பது இலக்கிய வட்டத்தாருக்கு இனிக்கும் செய்தியாகும்.

இக்கால்பந்துக் கழகம் செல்வச் செழிப்புடையதன்று. 1973இல் முதல்நிலையினின்று வீழ்ந்து, 18 ஆண்டுகள் கீழ்நிலைகளில் உழன்று, 1991இல்தான் மீண்டும் மேலேறியது. பிரேசில் நாட்டினரான பெபெட்டோவும் மவுரோ சில்வாவும் 1992இல் வந்து சேர்ந்தனர். அணியைப் பயிற்றுவித்தவர் அர்செனியோ இக்லேசியாஸ். அருகிலுள்ள ஆர்தெய்ஷோ என்னும் சிற்றூரில் 1930இல் பிறந்த அவர், ஆரவாரமற்றவர். மிகையாக ஒன்றையும் வாக்களிக்காதவர். அவரை அவ்வூரின் மந்திரவாதி என்று மக்கள் அன்புடன் அழைத்தனர்.

முப்பத்தெட்டு ஆட்டங்கள்

ஸ்பானிய லீக் போட்டியின் அமைப்பு எளியது. 20 அணிகள், ஒவ்வோர் அணியும் ஏனைய 19 அணிகளுடன் சொந்தத் திடலில் ஒரு முறையும் அயல் திடலில் ஒரு முறையும் மோதும். ஆக 38 ஆட்டங்கள். அந்நாளில் வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. புள்ளிகள் ஒத்திருப்பின், அவ்விரு அணிகளும் தமக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களின் முடிவே வாகைக்குரியவரைத் தீர்மானிக்கும்.

1985 முதல் 1993 வரை ஒன்பது முறையும் வாகை ரியல் மாட்ரிட்டுக்கோ பார்சிலோனாவுக்கோதான் சென்றது. 1994இல் பார்சிலோனா தொடர்ந்து நான்காம் முறையாக வெல்லக் காத்திருந்தது. யோகான் கிரைஃப் பயிற்சியாளர். ரொமாரியோ, ஸ்டோய்ச்கோவ், லாட்ரூப், கூமன் போன்றோர் ஆட்டக்காரர்கள். அப்பருவத்தில் ரொமாரியோ மட்டும் 30 கோல்கள் அடித்தார். ஜனவரியில் ரியல் மாட்ரிட் அணியை 5-0 என வீழ்த்திய பார்சிலோனா, பிப்ரவரியில் சரகோசாவிடம் 3-6 எனத் தோற்றது. மழையாகப் பொழிவதும் வெள்ளமாகக் கரை உடைவதுமாக இருந்தது அதன் ஆட்டம்.

டெப்போர்த்தீவோவின் இயல்பு வேறு. அது கோட்டை கட்டி வாழ்ந்த அணி. கோல்கீப்பர் லியான்யோ 38 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்த கோல்கள் 18 மட்டுமே. 2015-16ஆம் பருவத்தில் அட்லெடிகோ மாட்ரிட்டின் ஓப்லாக் அந்த எண்ணிக்கையை எட்டும்வரை 38 ஆட்டப் பருவத்தில் அதற்கு நிகர் இருக்கவில்லை. அக்கோட்டையின் நடுத்தூணாக நின்றவர் மிரோஸ்லாவ் ஜூகிச். செர்பியாவின் ஷாபாட்ஸ் நகரில் பிறந்து, டெப்போர்த்தீவோ இன்னும் இரண்டாம் நிலையில் இருந்த 1990ஆம் ஆண்டிலேயே அங்கு வந்தவர். எதிரியின் காலினின்று பந்தை நளினமாகக் கவர்ந்து முன்னே அனுப்புவதில் வல்லவர்.

நீண்ட காலம் பட்டியலில் முதலிடத்தில் நின்றது டெப்போர்த்தீவோ. நகரம் கொண்டாட்டத்துக்கு ஆயத்தமாயிற்று. அர்செனியோ மட்டும் மக்களை எச்சரித்தார். விழா கண்ணெதிரே இருக்கும்போதே மூக்கின் முன்னிருந்து பறிபோகலாம் என்பது அவர் கூற்றின் சாரம். இறுதி நாள் வந்தபோது டெப்போர்த்தீவோவுக்கு 55 புள்ளிகள், பார்சிலோனாவுக்கு 54.

மே 14, 1994

லா கொருன்யாவின் ரியாசோர் திடல் கடற்கரையை ஒட்டியது. அன்று அங்கு எதிரணி வலென்சியா. அவ்வணிக்கு வாகை வாய்ப்பு ஏதுமில்லை. டெப்போர்த்தீவோ வென்றால் 57 புள்ளியுடன், 88 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக, நாட்டின் வாகையர்.

அதே நேரத்தில் பார்சிலோனா தன் திடலில் செவில்லாவுடன் ஆடியது. ஒரு கட்டத்தில் செவில்லா முன்னிலை பெற்றது. பின்னர்ப் பார்சிலோனா 5-2 என வென்றது. ரியாசோரில் கோலே விழவில்லை. இப்படியே முடிந்தால் இரு அணிகளுக்கும் 56 புள்ளிகள். இவ்விரு அணிகளுக்கிடையே நடந்த ஆட்டங்களுள் ரியாசோரில் 1-0 என டெப்போர்த்தீவோவும், பார்சிலோனாவில் 3-0 என அவ்வணியும் வென்றிருந்தன. ஆகவே வாகை பார்சிலோனாவுக்கே.

ஆட்டத்தின் இறுதிக் கணங்களில், டெப்போர்த்தீவோவின் நாந்தோ எதிரணியின் கோல் எல்லைக்குள் வீழ்த்தப்பட்டார். நடுவர் பெனால்டி அளித்தார். கோல்கோட்டினின்று 11 மீட்டர் தொலைவில் பந்து. எதிரே கோல்கீப்பர் ஒருவர் மட்டும்.

வழக்கமாகப் பெனால்டி உதைப்பவர் டொனாட்டோ. அவர் மாற்று ஆட்டக்காரருக்கு இடம் விட்டு முன்பே வெளியேறியிருந்தார். அடுத்து எல்லாக் கண்களும் நோக்கியது பெபெட்டோவை. அப்பருவத்தில் பெனால்டியைத் தவறவிட்ட வடு அவருக்கு இருந்தது, அவர் முன்வரவில்லை. கோல் அடிப்பதைத் தொழிலாகக் கொள்ளாத தடுப்பாட்டக்காரர் ஜூகிச் பந்தை எடுத்து வைத்தார். மூச்சை ஆழ இழுத்துவிட்டார். ஓடி வந்து உதைத்தார். வலுவற்ற உதை. வலென்சியாவின் கோல்கீப்பர் கோன்சாலெஸ் பாய்ந்து பந்தைப் பற்றி, முட்டி மடக்கி மகிழ்ந்தார். சிறிது நேரத்தில் ஆட்டம் முடிந்தது. பார்சிலோனாவில் வானொலியில் காது வைத்துக் காத்திருந்தோர் ஆர்ப்பரித்தனர்.

மூன்று நாள் கழித்துக் காலிசிய இலக்கிய நாள் வந்தது. ரொசாலியாவின் மொழியைக் கொண்டாட வேண்டிய அந்த நாளிலும் நகரத்தின் நெஞ்சில் கையறுநிலையே நிறைந்திருந்திருக்கும்.

கணக்கும் கதையும்

அப்பருவத்தைப் பற்றி உலகம் சொல்லும் கதை ஒரே வரியில் அடங்கிவிடும்: ஜூகிச் பெனால்டியைத் தவறவிட்டதால் டெப்போர்த்தீவோ வாகையை இழந்தது. இவ்வரியில் பொய்யில்லை, ஆயினும் இது முழு உண்மையன்று.

கணக்கைப் பார்த்தல் தகும். 38 ஆட்டங்களிலும் வென்றால் 76 புள்ளிகள். டெப்போர்த்தீவோ பெற்றவை 56, இழந்தவை 20. வெற்றி 22, சமநிலை 12, தோல்வி 4. ஒவ்வொரு சமநிலையிலும் ஒரு புள்ளி நழுவியது. ஒவ்வொரு தோல்வியிலும் இரண்டு. ஜூகிச்சின் உதை கோலாகியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடியது ஒரே ஒரு புள்ளி. ஏனைய 19 புள்ளிகள் வேறு நாட்களில், வேறு கால்களில், வேறு காரணங்களால் நழுவியவை. அவற்றுள் எந்த ஒன்று மீண்டிருந்தாலும் அந்த மே மாத மாலையில் பெனால்டியே வேண்டியிருந்திராது. அந்த 19 புள்ளிகளுக்குப் பெயரில்லை. இருபதாவது புள்ளிக்கு மட்டும் ஒரு மனிதரின் பெயர் சூட்டப்பட்டது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. பார்சிலோனா அடித்த கோல்கள் 91. டெப்போர்த்தீவோ அடித்தவை 54. குறைவாக அடித்து, அதனினும் குறைவாக வாங்கி, வாகையின் வாயில்வரை வந்தது அவ்வணி. வாயில்வரை அதனைக் கொண்டுவந்தது தடுப்பரண்; அவ்வரணின் தூண்களுள் ஒருவர் ஜூகிச். அணியை அந்த 11 மீட்டர் தொலைவுவரை கொண்டுவந்தவர்களுள் ஒருவரே, அந்த 11 மீட்டரில் தோற்றவர் என்று நினைக்கப்படுகிறார்.

மேலும், அவர் உதைத்ததை மட்டும் நினைவு வைத்திருக்கிறது கதை. அவர் முன்வந்ததை அது பெரிதாகப் பேசுவதில்லை. உரிமையுடையவர் களத்தில் இல்லை, புகழுடையவர் தயங்கினார், கடமையற்றவர் முன்வந்தார். முன்வராதிருந்தால் அவர்மேல் ஒரு பழியும் வந்திராது. பெபெட்டோவையும் குறை கூறுவதற்கில்லை. தன் மனநிலையைத் தானறிந்து ஒதுங்குவதும் நேர்மையே.

தமிழ் மரபில் இதற்கொரு முன்னோடியான பார்வை உண்டு. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனின் புகழை எடுத்துரைத்தவர் புறநானூற்றுப் புலவர் வெண்ணிக் குயத்தியார். வென்றவனின் முன்னிலையில் தோற்றவனுக்குரிய அளவைக் குறைக்காமல் அளந்து தந்தார் அவர். அந்த அளவுகோலை ரியாசோர் திடலில் வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் வேண்டுகோள்.

பின்னர் நடந்தவை

ஜூகிச்சைக் கழகம் விரட்டவில்லை. அவர் 1997 வரை அங்கேயே ஆடினார். 1995 ஜூனில், மாட்ரிட்டில், அரசர் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரணி அதே வலென்சியா. 1-1 என இருக்கையில் பெருமழையால் ஆட்டம் நின்றது. மூன்று நாள் கழித்து, எஞ்சிய சில நிமிடங்களை மட்டும் ஆடக் கூடியபோது, அல்பிரெதோ தலையால் முட்டி அடித்த கோலால் டெப்போர்த்தீவோ வென்றது. கழகத்தின் முதற் பெருங்கோப்பை அது. அத்துடன் அர்செனியோ விடைபெற்றார். 2023இல், தம் 92ஆம் வயதில் மறைந்தார்.

2000 மே 19 அன்று, அதே ரியாசோரில், எஸ்பன்யோல் அணியை 2-0 என வென்று டெப்போர்த்தீவோ லீக் வாகை சூடியது. முதற் கோலை அடித்தவர் டொனாட்டோ. 1994இல் பெனால்டி வந்த வேளையில் களத்துக்கு வெளியே இருந்தவர். அப்போது அவருக்கு வயது 37. ஜூகிச் அந்நாளில் அங்கில்லை. அவர் ஆடிக்கொண்டிருந்தது வலென்சியாவுக்கு. தம் உதையைத் தடுத்த கழகத்துக்கு. அக்கழகத்துடன் 2002இல் அவரும் லீக் வாகையரானார்.

டெப்போர்த்தீவோவின் பிற்காலம் இறங்குமுகமாயிற்று. 2020இல் மூன்றாம் நிலைவரை வீழ்ந்து, 2024இல் இரண்டாம் நிலைக்கு ஏறியது. இத்தனை ஏற்ற இறக்கங்களுக்குப் பின்னும் அக்கழகத்தைப் பற்றிப் பேசுவோர் 2000ஆம் ஆண்டின் வெற்றிக்கு இணையாக, சில வேளை அதற்கும் முன்பாக, 1994இன் அந்த உதையைத்தான் எடுக்கின்றனர்.

கவிஞர்க்கு ஒரு சொல்

ஒரு கணத்தைப் பாடுவது கவிஞரின் உரிமை. அந்த உதையைப் பாடலாம்; பாடத்தக்கதே. பாடும்போது பந்தின் பின்னே நின்ற 37 ஆட்டங்களையும், பெயரற்றுப் போன 19 புள்ளிகளையும், ஒருவர் முன்வந்த அந்தச் சில அடிகளையும் மறவாதிருத்தல் வேண்டும். அவற்றை மறந்த பாட்டு அழகாக இருக்கலாம்; அதன் சுமை உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் தோளில் இறங்கும்.

பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்விலக்கிய வட்டத்தின் கதையும் இத்தகையதே. விழா நாளில் நினைக்கப்படும் பெயர்கள் சில. நாற்காலி எடுத்துப் போட்டும், அழைப்பிதழ் கொண்டு சேர்த்தும், நால்வர் மட்டுமே வந்த கூட்டத்திலும் கவிதை கேட்டும் வளர்த்த கைகள் பல. அவை அனைத்துக்கும் இம்மலரில் இடம் உண்டாகுக.