பிள்ளையின் நோயைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி வையுங்கள்

(பள்ளி திறப்பதற்கு முன் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. சீருடை தைக்கக் கொடுத்துவிட்டோம். நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டோம். பிள்ளைக்கு ஒரு நோய் இருந்தால் அதைப் பள்ளியில் சொல்லி வைத்தோமா என்பதை மட்டும் பல வீடுகளில் யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

வலிப்பு, வீசிங், சிறு வயதிலேயே இன்சுலின் போட வேண்டிய டைப் 1 சர்க்கரை நோய் ஆகிய மூன்றையும்தான் நம் வீடுகளில் அதிகம் மறைக்கிறோம். காரணமும் தெரிந்ததுதான். "பெண் பிள்ளையாச்சே, நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதில் விழுந்தால்?" என்ற பயம். அந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. ஆனால் ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் பிள்ளை நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அங்கே ஆபத்து வந்தால் முதலில் ஓடி வருவது ஆசிரியர்தான். அவருக்கு ஒன்றும் தெரியாவிட்டால் என்ன ஆகும்?

இன்சுலின் போடும் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். விவரம் தெரியாத ஆசிரியர் தூக்கக் கலக்கம் என்றோ, நோன்புக் களைப்பு என்றோ நினைத்து விட்டுவிடுவார். தெரிந்தவராக இருந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுப்பார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைப்பார்.

வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவியைத் திணிப்பதும், வாயில் கரண்டியை வைப்பதும் இன்றும் நடக்கிறது. இரண்டும் கூடாது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பட்டனையும் தலைத்துணியையும் தளர்த்தி, மணியைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108. வீசிங் உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஹெச்.எம். அறை பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை.

சொல்லி வைத்தால் கிடைக்கும் உரிமைகளும் உண்டு. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-லேயே அனுமதி கொடுத்தது. வேறு பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கும், மருத்துவர் சான்றோடு தேர்வுக்கு முன்பே போய்க் கேளுங்கள்.

அடுத்து, மாத்திரையைக் கொடுத்தனுப்பும் முறை. காகிதத்தில் மடித்து பென்சில் பாக்ஸில் வைத்து அனுப்பாதீர்கள். பக்கத்துப் பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். பள்ளி நேரத்தில் கொடுக்காமலே சமாளிக்க முடியுமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். பல மருந்துகளைக் காலையிலும் இரவிலும் கொடுக்கும்படி மாற்றித் தர முடியும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பெயர் தெரியும் அட்டையோடு ஆசிரியர் கையில் ஒப்படையுங்கள். கூடவே ஒரு கடிதம்: பிள்ளையின் பெயர், வகுப்பு, நோய், மருந்தின் பெயர், அளவு, நேரம், இரண்டு போன் நம்பர், உங்கள் கையெழுத்து. மருந்துச் சீட்டின் நகலையும் இணையுங்கள். "வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம்" என்றும் எழுதலாம். அப்படிக் கேட்பதில் தவறில்லை. மதரஸா உஸ்தாதுக்கும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

பள்ளியே கொடுக்கும் மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடற்புழு நீக்க மாத்திரையும், வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரையும் தருகிறார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைக் கேட்டு தமிழ்நாட்டில் எத்தனையோ பெற்றோர் தயங்கினார்கள். சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். "வாங்கி மறைத்து வெளியே போட்டுவிடு" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது பொய்யைப் பழக்குவதாகும். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்றாலோ, வேறு மருந்து சாப்பிட்டாலோ ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நோன்பு வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். குடற்புழு மாத்திரை விடுபட்டவர்களுக்கு மறுபடியும் ஒரு நாள் வைக்கிறார்கள்.

நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதை சூரா அல்பகராவின் 184, 185 வசனங்கள் சொல்கின்றன. பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லை. இன்சுலின் போடும் பிள்ளை ஆசைப்பட்டால் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் ஆலிம்களிடையே இரு கருத்து உண்டு. அதை ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் இன்ஹேலரை எடுக்காமல் இருக்கக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

பிள்ளை அல்லாஹ் நம்மிடம் தந்த அமானத். ஊர் என்ன பேசும் என்பதற்காக அந்த அமானத்தை ஆபத்தில் விட முடியாது. நாமும் ஒரு பொறுப்பை ஏற்போம்: அடுத்த வீட்டுப் பிள்ளையின் நோய் காதில் விழுந்தால் அதை நம்மோடு நிறுத்திக்கொள்வோம். அந்த நம்பிக்கை வந்தால்தான் தாய்மார்கள் வாய் திறப்பார்கள்.

எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். மருந்துச் சீட்டோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள், கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தையும் பயனுள்ள கல்வியையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.