ஸ்கோர் கேளுங்கள், சான்றிதழ் கேட்காதீர்கள்!

முள்ளுக்குறிச்சி வாலிபர்களே, வணிகப் பெருமக்களே!

மிளகு விலைக்கு முன்னால் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பவர்கள் நீங்கள்! கேளுங்கள், பேசுங்கள், சிரியுங்கள். ஆனால் இந்தியா தோற்ற அன்று, சிலர் ரன்னை விட்டுவிட்டு நம் தேசபக்தியை எண்ண உட்கார்ந்து விடுகிறார்களே, அதுதான் வேடிக்கை!

1999 ஜனவரியில், பாகிஸ்தான் அணி ஆடக்கூடாதென்று டெல்லி பெரோஸ்ஷா கோட்லா ஆடுகளத்தையே தோண்டினார்கள் சிவசேனைக்காரர்கள். கிணறு தோண்டியிருந்தால் தண்ணீராவது கிடைத்திருக்கும்! அதே மாதம் சேப்பாக்கத்தில் சச்சின் 136 ரன் அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். தமிழ் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டினார்கள். அவர்களை யாராவது தேசத்துரோகிகள் என்றார்களா?

2021 துபாய் ஆட்டத்தில் தோற்றது 11 பேர். மதத்தைச் சொல்லி வசை வாங்கியவர் முகமது ஷமி. கேப்டன் கோலி அவர் பக்கம் நின்றார். 2023 உலகக் கோப்பையில் ஷமி எடுத்தது 24 விக்கெட்!

நண்பர்களே, 24 விக்கெட் எடுத்தால்தான் இந்தியனா? அப்படியானால் ஒரு விக்கெட்டும் எடுக்காத 100 கோடிப் பேர் எங்கே போவது? சான்றிதழ் கேட்டு வருபவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். "ஸ்கோர் என்ன பாய்?" என்று அவரே கேட்கும்வரை பேசுங்கள்!