பழைய கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான்



பல கடைகளில் மேசை ஓரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடக்கும். விண்டோஸ் 7, இரண்டு ஜிபி ரேம். கேட்டால், "அதுல இனி ஒண்ணும் ஓடாதுங்க" என்பார்கள். எனக்கென்னவோ குற்றம் கம்ப்யூட்டர் மீது இல்லை, இன்றைய செயலிகள் சுமந்து வரும் மூட்டை மீதுதான் என்று தோன்றுகிறது. இப்போது வரும் பல செயலிகள் எலக்ட்ரான் என்ற முறையில் செய்யப்பட்டவை. அப்படிப்பட்ட ஒவ்வொரு செயலிக்குள்ளும் குரோமியம் பிரவுசரே முழுசாக உட்கார்ந்திருக்கும். இரண்டைத் திறந்தால் பழைய ரேம் திணறத்தானே செய்யும்?

கனமில்லாத வழி ஒன்று வெகுகாலமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஓஸ்டர்ஹவுட் 1988இல் டிசிஎல் என்ற ஸ்கிரிப்ட் மொழியை எழுதத் தொடங்கினார். எழுதிய நிரலை அப்படியே இன்டர்பிரட்டரிடம் கொடுத்தால் ஓடிவிடும். அதோடு சேர்ந்து ஜன்னல், பொத்தான், பட்டியல் எல்லாம் வரைவதற்கு டிகே என்ற கருவித்தொகுப்பையும் உருவாக்கினார். ரேமை மெகாபைட்டில் எண்ணிய காலம் அது. சிக்கனம் தானாகவே வந்தது. இன்று பைத்தான் மொழியோடு வரும் டிகின்டர், அதே டிகேயைப் பயன்படுத்துவதுதான். பைத்தானை நிறுவியதும் கிடைக்கும் ஐடில் எடிட்டரே அதில் எழுதப்பட்டதுதான்.

பழைய விண்டோஸில் பைத்தானின் புதிய பதிப்பு ஏறாது. விண்டோஸ் 7க்கு 3.8, எக்ஸ்பிக்கு 3.4, அதற்கு மேல் போகக் கூடாது. பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போகிறார்கள்.

டிகின்டரில் ஐந்தாறு வரி எழுதினால் ஒரு ஜன்னலும் ஒரு பொத்தானும் வந்துவிடும். கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால், கூடவே ஒரு கறுப்புப் பெட்டியும் திறக்கும். கல்லாவில் இருப்பவர் அதைத் தெரியாமல் மூடினால் செயலியும் சேர்ந்து போய்விடும். கோப்புப் பெயரின் கடைசியில் இருக்கும் பிஒய் என்பதை பிஒய்டபிள்யூ என்று மாற்றுங்கள், கறுப்புப் பெட்டி வராது.

இன்னொரு தொல்லை, ஜன்னல் உறைந்து போவது. பொத்தானை அழுத்தியதும் பத்தாயிரம் பில் கோப்புகளை ஒரே மூச்சில் படித்துக் கூட்டச் சொன்னால், அது முடியும்வரை ஜன்னல் எதற்கும் அசையாது. விண்டோஸ் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். புது இயந்திரத்தில் கண்ணில் படாத தாமதம், பழையதில் நன்றாகவே தெரியும். நூறு நூறாகக் கூட்டச் சொல்லி, நடுநடுவே ஜன்னலுக்கு மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டும். டிகின்டரில் அதற்கு 'ஆஃப்டர்' என்ற கட்டளை உண்டு.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டவர்கள் தமிழில் கொஞ்சம் கவனமாக இருங்கள். அங்கே டிகே பல காலமாகவே எழுத்தைச் சேர்த்து வரைவதில்லை. 'கெ' என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். விண்டோஸில் இந்த வம்பு பெரும்பாலும் இல்லை.

விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரியோடும், பைத்தான் 3.8க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடும் நின்றுவிட்டன. அதனால் அந்த இயந்திரத்தில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். நெட் வயரையே கழற்றிவிடுவது நல்லது. பைத்தானிலேயே இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் கடைக் கணக்கைச் சேமித்தால் மொத்தமும் ஒரே கோப்பில் அடங்கும். கடை சாத்தும் முன் அதைப் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.