டெம்பிள் வியூ குன்றின்மேல்

இன்று உங்களை நியூசிலாந்துக்கு அழைத்துப் போகிறேன். ஆக்லாந்திலிருந்து தெற்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் ஹாமில்டன் நகரம் வரும். அந்த நாட்டின் மிக நீளமான ஆறான வைகாட்டோ ஊரின் நடுவே ஓடுகிறது. ஊரை விட்டு வெளியே வந்தால் பால்மாட்டுப் பண்ணைகள்தான். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருக்கும். தென்மேற்கே துஹிகராமேயா சாலையில் கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு பச்சைக் குன்றும், அதன்மேல் வெள்ளை வெளேரென்று உயர்ந்த கோபுரமும் தெரியும். அந்த இடத்துக்கு டெம்பிள் வியூ என்று பெயர். கோயிலை வைத்தே ஊருக்குப் பெயர் வந்துவிட்டது. நம் பக்கத்தில் இதில் அதிசயமில்லை. நியூசிலாந்தில் அப்படி ஊர் அமைவது அபூர்வம்.

அது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஆலயம். மார்மன்கள் என்று உலகம் அறிந்த சபை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இந்தச் சபை கட்டிய முதல் ஆலயம் இதுதான். 1955 டிசம்பரில் மண் வெட்டினார்கள்; 1958 ஏப்ரல் 20 அன்று அப்போதைய சபைத் தலைவர் டேவிட் ஓ. மெக்கே பிரதிஷ்டை செய்தார். அதற்கு முன்பு இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி விசுவாசிகள் ஆலயத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றால் கப்பலேறி ஹவாய் தீவுக்குப் போகவேண்டும். நிலத்தையோ மாட்டையோ விற்றால்தான் பயணம். பலருக்கு ஆயுளில் ஒருமுறைகூட வாய்த்ததில்லை.

கட்டியவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர்களை உழைப்பு ஊழியர்கள் என்பார்கள். மாவோரிகளும் பசிபிக் தீவுக்காரர்களும் வெள்ளையர்களுமாகக் குடும்பத்தோடு வந்து, ஆண்டுக்கணக்கில் இங்கேயே தங்கி வேலை செய்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கட்டட வேலை தெரியாது. அமெரிக்காவிலிருந்து வந்த சில மேஸ்திரிகளிடம் கற்றுக்கொண்டார்கள். கான்கிரீட் கற்களை இங்கேயே அச்சில் வார்த்தார்கள். கூலி கிடையாது, கைச்செலவுக்கு வாரம் 10 ஷில்லிங். பெண்கள் சமைத்துப் போட்டார்கள். வெளியூர்ச் சபைக் குடும்பங்கள் காய்கறியும் இறைச்சியும் அனுப்பிவைத்தன. அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட கூடத்துக்குக் 'கை ஹால்' என்று பெயர். 'கை' என்றால் மாவோரி மொழியில் உணவு. கையால் உழைத்தவர்களுக்குச் சோறு போட்ட இடத்தின் பெயர் தமிழ்க் காதில் இப்படி விழுகிறது. ஆலயத்தோடு ஓர் உயர்நிலைப் பள்ளியையும் இவர்களே கட்டினார்கள். அந்தப் பள்ளி 2009இல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும்.

இந்த ஆலயத்துக்குள் என்னதான் நடக்கிறது? ஞாயிறு ஆராதனை இங்கே இல்லை. அதற்குத் தனிச் சபைக்கூடங்கள் உண்டு. ஆலயத்தில் நடக்கும் முக்கியமான காரியங்களில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, திருமணம். சாகும்வரை என்றில்லாமல் நித்தியத்துக்கும் கணவன் மனைவியாக, பிள்ளைகளோடு பிணைக்கப்படுகிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. இதை முத்திரித்தல் என்கிறார்கள். மற்றது, இறந்த முன்னோருக்காகச் செய்யும் சடங்கு. ஞானஸ்நானம் பெறாமல் போன பாட்டன் பூட்டன் பெயரைச் சொல்லி, அவர் இடத்தில் உயிரோடிருக்கும் ஒருவர் தண்ணீரில் மூழ்கி எழுவார். அதை ஏற்பதும் மறுப்பதும் மறுமையில் இருக்கும் அந்த ஆத்மாவின் விருப்பம் என்கிறார்கள். அமாவாசையன்று மூன்று தலைமுறையின் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நமக்கு இந்த மனம் புரியாததல்ல. மாவோரிகளுக்கும் அப்படித்தான். எந்தப் படகில் தங்கள் மூதாதையர் வந்து இறங்கினார்கள் என்பதுவரை வம்சாவளியை மனப்பாடமாக ஒப்பிக்கிற மக்கள் அவர்கள். இந்தச் சபை அவர்களிடையே வேர்பிடித்ததற்கு இதை ஒரு காரணமாக நான் நினைக்கிறேன்.

சரி, அந்த ஆலயத்தை இன்று நடத்துபவர்கள் யார்? உள்ளூர் விசுவாசிகள் முறைவைத்து வருகிறார்கள். அவர்களோடு வெளிநாட்டிலிருந்து வந்து தங்கி ஊழியம் செய்யும் முதியவர்களும் இருக்கிறார்கள். நான் போனது ஒரு டிசம்பர் மாலை. தோட்டத்து இருக்கையில் ஒரு வயதான தம்பதியர் அமர்ந்திருந்தார்கள். சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அவர் 'எல்டர்', அந்த அம்மா 'சிஸ்டர்'. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர்கள். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தவர். பதினெட்டு மாத ஊழியத்தில் பாதி முடிந்திருந்தது.

இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. சபையின் இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிப்பதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். முதியவர்களின் ஊழியம் அப்படியல்ல. வீட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, 6 மாதம் முதல் 23 மாதம்வரை, அனுப்புகிற நாட்டுக்குப் போகிறார்கள். சம்பளம் இல்லை. வாடகை, சாப்பாடு எல்லாம் சொந்தச் சேமிப்பிலிருந்துதான். வெளிநாட்டு வாடகைக்கு மட்டும் 2011இல் சபை ஓர் உச்சவரம்பு வைத்தது. அதைத் தாண்டினால் மிச்சத்தைச் சபை ஏற்றுக்கொள்கிறது. உழவாரம் ஏந்திக் கோயில் கோயிலாகப் போன அப்பர் பெருமானும் நினைவுக்கு வந்தார். விடுமுறை நாளில் பேருந்து பிடித்துப் போய்ப் பாழடைந்த சிவன்கோயிலில் புல் செதுக்கிவிட்டு வரும் நம் ஊர் அடியார்களும் நினைவுக்கு வந்தார்கள்.

அந்த அம்மாவிடம் அன்றாட வேலையைக் கேட்டேன். அதிகாலையில் எழுந்து, இஸ்திரி போட்ட வெள்ளை உடையை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போகவேண்டும். உள்ளே எல்லாரும் வெள்ளைதான். முதலாளி யார், கூலிக்காரர் யார் என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. குரல் தணிந்துதான் பேசவேண்டும். வருகிறவர்களின் அனுமதிச்சீட்டைப் பார்ப்பது, முதல்முறை வருகிறவரின் கூடவே நடப்பது, முழங்கால் வலிக்கிற பாட்டிக்கு நாற்காலி எடுத்துப் போடுவது, துணிகளைத் துவைத்து மடிப்பது. கடினமானது எது என்று கேட்டதற்கு மனப்பாடம் என்றார். சடங்கின் சொற்களை ஓர் எழுத்து பிசகாமல் சொல்லவேண்டும். எழுதி வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. ஆலயத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கவேண்டும். எழுபது வயதில் தினமும் ஒரு வரி, இரண்டு வரியாக ஏற்றிக்கொண்டாராம்.

"வந்த மூன்றாம் மாதம் பேத்தி பிறந்தாள். இன்னும் தூக்கவில்லை. கைபேசியில்தான் பார்க்கிறேன்" என்றார். கணவர் ஒன்றும் பேசாமல் அவர் கைமேல் தன் கையை வைத்தார்.

ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே ஒன்றைச் சொன்னார். தோங்காவிலிருந்து ஒரு மூதாட்டி வந்திருந்தாராம். கையில் ஒரு பழைய நோட்டு, நிறைய பெயர்கள். அந்தப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று இவருக்குத் தெரியவில்லை. மூதாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் சொல்லிக் கொடுத்தாராம், குழந்தைக்குச் சொல்லித் தருவதுபோல. "அவருடைய அம்மா பெயரை இப்போது நான் சரியாகச் சொல்வேன்" என்று என்னிடம் சொல்லியும் காட்டினார். தோங்கா, சமோவா, தாஹிதி தீவுகளில் 1983இலேயே ஆலயங்கள் வந்துவிட்டன. ஆனாலும் ஹாமில்டனோடு தீவுக்காரர்களுக்குப் பழைய பிணைப்பு விட்டுப்போகவில்லை.

நிலநடுக்கத்தைத் தாங்கும்படி வலுப்படுத்த 2018இல் இந்த ஆலயத்தை மூடினார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 அக்டோபர் 16 அன்று சபையின் அப்போஸ்தலர் டீட்டர் உக்டோர்ஃப் மறுபிரதிஷ்டை செய்தார். அதற்கு முன் சில வாரங்கள் பொதுமக்கள் எல்லாரையும் உள்ளே விட்டார்கள். இப்போது உள்ளே போக அனுமதி பெற்ற விசுவாசிகளுக்கு மட்டும்தான் வழி. எனக்கு அதில் வருத்தமில்லை. நம் கோயில்களிலும் கருவறைக்கு ஓர் எல்லை உண்டு.

இந்தியாவில் இந்தச் சபையின் முதல் ஆலயம் பெங்களூருக்கு என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அங்கே மண் வெட்டினார்கள். சென்னையிலும் கோவையிலும் இருக்கும் இச்சபைத் தமிழர்களுக்கு முத்திரித்தல் என்றால் விமானப் பயணம் என்றுதான் நெடுங்காலம் பொருள். மாவோரிகளின் கப்பல் பயணத்தை அவர்களிடம் விளக்கிச் சொல்லவேண்டிய தேவையே இருக்காது.

ஹாமில்டன் பக்கம் போகும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டம் எல்லாருக்கும் உரியது, யாரும் தடுக்கமாட்டார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்காகக் குன்று முழுதும் விளக்கு போடுகிறார்கள். அது அங்கே கோடைக்காலம் என்பதால் ஒன்பது மணிக்கு மேல்தான் இருட்டும்; அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள். கறுப்புப் பெயர்ப்பட்டையோடு யாராவது முதியவர் நடந்து வந்தால் நின்று பேசுங்கள். பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். அவர்களுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.