நிலத்தடி நீருக்குச் சாட்சி யார்?

(தோட்டக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாது ஓடும் ஆறு ஒன்றுதானும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடே இறங்கி, அடியிற் கிடக்கும் உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கின்றது. நாம் குடிப்பது அந்நீரை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அந்நீரையே. அது கெட்டால் நாம் நாடிச் செல்ல வேறு நீர்நிலை இல்லை. அது கெட்டதோ இல்லையோ என்ற வழக்கு எழும்போது சாட்சி சொல்ல வல்லவர் யார்? இதுவே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

சுன்னாகம் தந்த பாடம்

சுன்னாகத்திலே அனல் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டதென்று மக்கள் முறையிட்டனர். 2015 ஆம் ஆண்டில் அம்முறையீடு பெரும் கிளர்ச்சியாக வளர்ந்தது. ஒன்றோடொன்று முரண்பட்ட அறிக்கைகள் வெளிவந்தன. எதனை நம்புவது என்றறியாத மக்கள் பவுசரில் வரும் நீருக்காகக் காத்து நின்றனர். 2019 ஏப்ரலிலே உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, ஆயினும் அது கிடைப்பதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ஐயத்துக்கு இடமில்லாத சாட்சி தொடக்கத்திலேயே கையில் இருந்தால், இத்தகைய வழக்கு இத்துணைக் காலம் இழுபடுமா?

வீட்டுக் கிணறு போதாதா?

“எங்கள் கிணற்று நீரைப் போத்தலில் அடைத்து அனுப்பினாற் போதாதா?” என்று கேட்பீர்கள். போதாது. திறந்த கிணற்றில் இலை விழும், தூசி விழும், இறைக்கும் இயந்திரத்தின் எண்ணெயும் சிந்தும். பல மட்டங்களிலிருந்து ஊறும் நீர் அதிலே கலந்து நிற்கும். நிலாவரைக் கிணற்றைப் பாருங்கள்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். எந்த ஆழத்தில் அள்ளினோம் என்று சொல்லாவிட்டால் அள்ளிய நீருக்குப் பொருளே இல்லை.

ஆகவேதான் கண்காணிப்புக் கிணறு வேண்டும். குடிப்பதற்கன்று, இறைப்பதற்குமன்று, நீரின் நிலையை அறிவதற்காகவே அமைக்கப்படும் ஒடுங்கிய குழாய்க்கிணறு அது. ஒன்று போதாது. நீர் எத்திசை நோக்கி நகர்கின்றது என்று கணிப்பதற்கே குறைந்தது மூன்று இடங்களில் நீர்மட்டம் அளக்கவேண்டும். ஒரு கிணறு, மாசு வரும் இடத்துக்கு மேற்புறத்தே அமைதல் வேண்டும். அங்கே நீர் தூயதாயும் கீழ்ப்புறத்தே கெட்டதாயும் இருந்தால் குற்றம் எங்கே என்பது தெளிவாகும். நமது சுண்ணக்கல்லிலோ நீர் வெடிப்பு வழியே பாய்வதால், மூன்றுக்கு மேலும் தேவைப்படலாம்.

தோண்டும் முறை

எண்ணெயைத் தேடித் துளையிடும்போது துளையிடும் பொறியே எண்ணெய் சிந்தினால் சாட்சி பொய்த்துவிடும். குழாய்களைப் பசை பூசி ஒட்டலாகாது. பசையின் இரசாயனமும் நீரிற் கலக்கும். மரை முடுக்கியே பொருத்தவேண்டும். எண்ணெய் நீரின்மேல் மிதப்பது. ஆதலால் குழாயின் துளையுள்ள பகுதி, கோடையில் இறங்கும் நீர்மட்டத்தையும் மாரியில் ஏறும் மட்டத்தையும் உள்ளடக்கி நிற்கவேண்டும். அதனை முழுவதும் நீருக்கடியில் அமைத்தால், எண்ணெய் மேலே மிதக்க, கிணறு “இல்லை” என்று சொல்லும்! துளையுள்ள பகுதியைச் சுற்றித் தூய மணலும், அதன்மேல் நீரில் ஊறிப் பருக்கும் களிமண்ணும், அதற்கும் மேலே சீமெந்தும் இட்டு, மூடிக்குப் பூட்டும் போடவேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை

குழாயில் நாட்கணக்கிற் தேங்கிய நீர் நிலத்தின் நீரன்று. முதலில் நீர்மட்டத்தை அளந்து, பின்னர் தேங்கிய நீரைப்போல் மூன்று மடங்கையேனும் இறைத்துக் கழிப்பது வழக்கம். 50 மில்லிமீற்றர் குழாயில் 6 மீற்றர் நீர் நின்றால் அது ஏறத்தாழ 12 லீற்றர். 36 லீற்றர் கழிக்கவேண்டும். வெப்பநிலையும் மின்கடத்துதிறனும் மாறாது நின்ற பின்னரே மாதிரி எடுக்கவேண்டும். எண்ணெய்ச் சோதனைக்குக் கண்ணாடிப் போத்தலே உகந்தது. ஆவியாகும் பொருள்களை அறிவதாயின் காற்றுக்குமிழியும் இல்லாது நிரப்புதல் வேண்டும். போத்தல்கள் பனிக்கட்டியிற் குளிர்ந்த நிலையில் ஆய்வுகூடம் சேரவேண்டும். தூய நீர் நிரப்பிய போத்தலொன்றும் உடன் செல்லவேண்டும்; அதிலும் மாசு தோன்றினால் தவறு வழியிலே நேர்ந்தது என்றறியலாம். போத்தல் கைமாறும் ஒவ்வொரு முறையும் கையொப்பமும் நேரமும் பதியவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் எதிர்த்தரப்பின் வழக்கறிஞருக்கு அது போதும்.

நமது பங்கு

பிறரை மாத்திரம் குற்றஞ்சாட்டி அமைதல் முறையன்று. தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இடும் உரமும், கிணற்றருகே வெட்டிய மலக்குழியும் நைத்திரேற்றாக நீரில் இறங்குகின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மிஞ்சினால் போத்தற்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழக்கும். தாய்மார்களே, கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

ஆகவே நாம் கோரவேண்டியவை மூன்று. எந்த ஆலையும் இயங்குவதற்கு முன்னரே அதனைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, நீரின் அன்றைய நிலையைப் பதியவேண்டும். கோடையிலும் மாரியிலும் மாதிரி எடுக்கும்போது ஊராரின் பிரதிநிதி ஒருவர் உடன் நிற்கவேண்டும். முடிவுகள் எவையாயினும் தமிழில் வெளியிடப்படல் வேண்டும். பொறியியலாளரே, மருத்துவரே, வழக்கறிஞரே, உங்கள் கல்வி இங்கே உதவட்டும். தோட்டக்காரப் பெருமக்களே, “நீர் நல்லது” என்று எவரேனும் சொன்னால், “எக்கிணற்றில், எந்நாளில், எவ்வாறு எடுத்த நீர்?” என்று கேளுங்கள். “நீர் கெட்டது” என்று சொல்வாரையும் அவ்வாறே கேளுங்கள்.