கடன் வாங்கிய நாடு வளர்த்த வங்கி

ஆசிய வளர்ச்சி வங்கியின் வரலாற்றை ஜப்பானின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில் தோற்று, நகரங்கள் எரிந்து கிடந்த ஜப்பான், 1953 முதல் 1966 வரை உலக வங்கியிடம் கடன் வாங்கி அணை கட்டியது, உருக்காலை நிறுவியது, நெடுஞ்சாலை போட்டது. 1964இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஷிங்கன்சென் அதிவேக ரயிலின் பாதைக்கும் உலக வங்கி 8 கோடி டாலர் கடன் தந்தது. அந்தக் கடன்கள் அனைத்தும் 1990இல்தான் அடைத்து முடிக்கப்பட்டன. இப்படித் தானே கடனாளியாக இருந்த காலத்தில்தான், 1966இல், அண்டை நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் ஒரு வங்கிக்கு ஜப்பான் முதல் போட்டது.

அந்த வங்கியை 31 நாடுகள் கூடி உருவாக்கின. இந்தியாவும் அன்றைய சிலோனும் தொடக்கத்திலேயே உறுப்பினர்கள். மூலதனம் 100 கோடி டாலர் என்று திட்டமிட்டபோது, ஜப்பானும் அமெரிக்காவும் தலா 20 கோடி ஏற்றன. தலைமையகம் டோக்கியோவில் அமைய வேண்டும் என்பது ஜப்பானின் விருப்பம். ஆனால் 1965இல் நடந்த வாக்கெடுப்பில் 9க்கு 8 என ஒரே வாக்கில் மணிலா வென்றது. ஜப்பான் அதற்காக விலகிச் செல்லவில்லை. தக்கேஷி வத்தனபே முதல் தலைவராகப் பொறுப்பேற்க, 1966 டிசம்பர் 19 அன்று மணிலாவில் வங்கி திறக்கப்பட்டது.

ஜப்பானின் உதவி நான்கு வழிகளில் வங்கிக்குச் செல்கிறது.

முதல் வழி, பங்கு மூலதனம். ஜப்பானும் அமெரிக்காவும் தலா 15.6 சதவீதம் வைத்திருக்கின்றன. இந்த மூலதனத்தில் ரொக்கமாகக் கட்டப்படுவது சிறு பகுதிதான். எஞ்சியது, தேவைப்பட்டால் தருவோம் என்று அரசுகள் கொடுத்திருக்கும் உறுதி. அந்த உறுதியால் வங்கிக்கு மிக உயர்ந்த கடன் தரமதிப்பு கிடைக்கிறது. சந்தையில் குறைந்த வட்டிக்குப் பணம் திரட்ட முடிகிறது. அதை நீண்ட தவணையில் வளரும் நாடுகளுக்குக் கடனாகத் தர முடிகிறது. 1970இல் ஜப்பான் தன் உள்நாட்டுச் சந்தையையும் இந்த வங்கிக்குத் திறந்துவிட்டது. அப்போது வெளியான 600 கோடி யென் கடன் பத்திரமே, வெளிநாட்டு அமைப்பு ஒன்று ஜப்பானில் யென்னில் வெளியிட்ட முதல் பத்திரம்.

இரண்டாம் வழி, 1974இல் தொடங்கிய ஆசிய வளர்ச்சி நிதி. சந்தை வட்டியைத் தாங்க முடியாத நாடுகளுக்கு இது சலுகைக் கடன் தந்தது. 2017 முதல் மானியம் மட்டும் தருகிறது. இதற்கு மிக அதிகமாகக் கொடுத்துவந்த நாடு ஜப்பான்.

மூன்றாம் வழி, தனி நிதிகள். 1988இல் ஜப்பான் சிறப்பு நிதி வந்தது. ஆசிய நிதி நெருக்கடியின் வடு ஆறாதிருந்த 2000இல் வறுமை ஒழிப்புக்கான ஜப்பான் நிதி வந்தது. பெரிய கடன் திட்டங்கள் எட்டாத எளிய மக்களுக்கு மானியமாகப் போய்ச் சேருவதே அப்போது இதன் நோக்கம்.

நான்காம் வழி, அறிவு. 1988 முதல் நடக்கும் ஜப்பான் உதவித்தொகைத் திட்டத்தில் வளரும் நாடுகளின் இளைஞர்கள் பட்டமேற்படிப்புப் படிக்கிறார்கள். 1997இல் டோக்கியோவில் அமைந்த வங்கியின் ஆய்வு நிறுவனம், அரசு அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கிறது.

ஜப்பான் ஏன் இவ்வளவு செய்தது? கருணை மட்டும் காரணமன்று. 1947 அரசியலமைப்பு போரைத் துறந்துவிட்ட நாட்டுக்கு, பொருளாதார ஒத்துழைப்பே உலகில் தலைநிமிரும் வழியாக இருந்தது. மூலப்பொருளும் சந்தையும் அதற்குத் தேவைப்பட்டன. போர்க்கால ஆக்கிரமிப்பை மறக்காத தென்கிழக்கு ஆசியாவில், ஜப்பான் நேரடியாக நீட்டும் பணத்தைவிடப் பொது வங்கி வழியே வரும் பணம் குறைந்த ஐயத்தோடு பெறப்பட்டது.

இந்த உறவில் குறையும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் வங்கித் திட்டங்களின் கொள்முதலில் பெரும் பங்கு ஜப்பானிய நிறுவனங்களுக்கே போனது என்ற விமர்சனம் எழுந்தது. வத்தனபே முதல் 2025இல் பொறுப்பேற்ற மசாத்தோ கந்தா வரை, தலைவர்கள் 11 பேரும் ஜப்பானியர்கள். தலைவர் வட்டார உறுப்பு நாட்டவராக இருக்க வேண்டும் என்றுதான் சாசனம் சொல்கிறது. ஜப்பானியராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இந்தக் கூட்டின் பயன் சென்னைக்கும் வந்திருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் தருகின்றன. அந்தக் கடனை அடைக்கப்போவது நம் வரிப்பணமே என்பதால், திட்டத்தின் தரத்தையும் செலவையும் கேள்வி கேட்கும் உரிமையும் கடமையும் மக்களுக்கு உண்டு.

கடன் வாங்கி வளர்ந்த நாடு, தன் கடன் தீரும் முன்பே பிறருக்குத் தோள் கொடுத்தது; அதையும் தன் பெயரில் மட்டும் செய்யாமல், எல்லா உறுப்பு நாடுகளும் வாக்களிக்கும் ஒரு பொது அமைப்புக்குள் நின்று செய்தது. ஜப்பானின் பெருமை இதுதான். வங்கியிடம் கடன் பெற்ற தென் கொரியாவும் சீனாவும் இந்தியாவும் இன்று ஆசிய வளர்ச்சி நிதிக்குப் பங்களிக்கின்றன. அரை நூற்றாண்டுக்கு மேல் கொடுத்த ஜப்பானுக்கு நன்றி சொல்வதும், தலைமைப் பொறுப்பை எல்லா ஆசிய நாடுகளுக்கும் திறந்துவிடும்படி கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. இரண்டையும் ஆசியா செய்ய வேண்டும்.