தேயிலை மலையின் மேல்மண்



மலைநாட்டின் வரலாறு தோட்டங்களோடுதான் தொடங்கிற்று என்று எண்ணுவோர் பலர். கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் 1824இல் காப்பி பயிரிட்டதும், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்டதும் பலரும் அறிந்த செய்திகள். அதற்கு முன் அங்கே காடு மட்டுமே இருந்தது என்பது பொதுவான எண்ணம். ஆயின், தேயிலைத் தூரின் அடியிலுள்ள மண் வேறு கதை கூறுகின்றது.

மஸ்கெலியாவில் தோட்டத்துரையாக இருந்த ஜோன் போல், சரிவுகளிற் கிடந்த வெண்படிகக் கற்களுட் சில மனிதன் உடைத்துச் செதுக்கியவை எனக் கண்டார். அவற்றைத் திரட்டி, இலங்கையின் கற்கருவிகளைப் பற்றி 1913இல் ஒரு நூலும் வெளியிட்டார். அக்காலத்திலேயே பண்டாரவளைக் குன்றொன்றில் ஹார்ட்லி என்பவரும் அத்தகைய கருவிகளை அகழ்ந்தெடுத்தார். இரும்பை அறியாத வேட்டை மக்கள் இக்குளிர்மலைகளில் உலவினர் என்பதற்கு அக்கற்களே சான்று.

இத்தடயங்களைத் தேடும் முதற்பணிக்கு மண்வெட்டி வேண்டுவதில்லை. கண்ணும் காலும் பொறுமையுமே போதும். ஆய்வாளர் சம இடைவெளியில் வரிசையாக நின்று, நிலத்தை நோக்கியவாறு மெல்ல நடப்பர். கல்லோ ஓடோ தென்பட்டால், அவ்விடத்தைக் குறித்து வரைபடத்திற் பதிவர். தேயிலை அடர்ந்த மலையில் இது எளிதன்று. பழைய செடிகளைப் பிடுங்கி மறுநடுகைக்கு நிலத்தைத் திறக்கும் வேளையும், புதிதாகக் கான் வெட்டும் வேளையுமே ஏற்றவை. மழை மேல்மண்ணைக் கீழே அரித்துச் செல்வதால், கல் கிடந்த இடமே அது செய்யப்பட்ட இடம் என உடனே துணியலாகாது.

1960களில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகர் நீரில் மூழ்கிற்று. நீர் வற்றுங்காலத்தில் அதன் கோயிற் கட்டடங்கள் தலைகாட்டுகின்றன. சேற்றில் மறைந்த சிறு கற்களோ அவ்வாறு தலைகாட்டா. நிலம் மாறுமுன் அதனை நடந்து பார்க்க வேண்டும் என்பதன் பொருள் இதுவே. தொல்பொருட் சட்டத்திற்கு 1998இல் வந்த திருத்தமும், 2000ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும், குறித்த வகை அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன்கூட்டிய தொல்பொருள் ஆய்வை விதித்துள்ளன.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. 1940ஆம் ஆண்டின் அச்சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் எனக் கொள்கின்றது. தோட்டத் தமிழ் மக்களின் வருகையோ அதற்குப் பிற்பட்டது. அவர்தம் பழைய லயங்களும், மரத்தடிக் கோயில்களும், பெயரற்ற புதைகுழிகளும் அவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றன. நூறாண்டு கடந்த கட்டடத்தைத் தனியே பிரகடனஞ் செய்து காக்கச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் யாரேனும் கேட்டாலன்றி அவ்வழி திறவாது. எனவே, படிகக் கல்லைத் தேடி நடப்போர் லயத்தின் அத்திவாரத்தையும் அதே வரைபடத்திற் குறித்தல் நன்று.

இம்மண்ணை நாள்தோறும் மிதிப்போர், கொழுந்து பறிக்கும் பெண்களும் கான் வெட்டும் தொழிலாளருமே. செதுக்கிய கல்லொன்றைக் காண்பவர் அதனை மடியிற் கட்டிச் செல்லாமல், மலையின் பெயரையும் இடத்தையும் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்திற்கு அறிவிப்பாராக. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். இடம் தெரியாத கல் வெறுங்கல்லே. இடம் தெரிந்த கல் ஓர் ஏடு.